நான்காவது தையல்

அடுத்த வருஷம் திரௌபதிக்குத் தைக்கப்போகிறவளே,
நீ யாரென்று எனக்குத் தெரியாது.
போன ஜூலை வரை நானும்
சட்டைப் பொத்தானுக்கு அக்கம்பக்கம் ஓடியவள்தான்.
கமிட்டிக் கூட்டத்தில் தலைமுடியை ஒதுக்கக் கை தூக்கினேன்;
எழுதிக்கொண்டுவிட்டார்கள்.

முதலில் அளவு.
திரௌபதி எங்கள் பூபாலன்,
கிளேர்வுட்டில் லாரி மெக்கானிக், மார்பு நாற்பத்தாறு.
மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பான், நம்பாதே.
சபையில் நியாயம் கேட்கும் பாட்டை
முழுத் தொண்டையில் பாடச் சொல்.
அப்போது போடு டேப்பை.

ரவிக்கை வெல்வெட்.
அதன் முகத்தில் இஸ்திரிப்பெட்டியை வைத்தால் வழுக்கை விழும்.
என் முதல் துண்டில்
பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்து
இன்றைக்கும் என்னை முறைக்கிறது.
இன்னொரு வெல்வெட்டைக் கீழே விரி,
முகத்தோடு முகம் வை,
ஆவி மட்டும் காட்டு.

மார்புக்குப் பிடித்த மடிப்பைத்
தட்டை மேசையில் அழுத்தாதே. உடம்பு தட்டையா என்ன?
பழைய ஜீன்ஸ் காலை வெட்டி
மரத்தூள் அடைத்து, இடித்து, இன்னும் அடைத்து
பப்பாளி அளவில் ஒரு திண்டு செய்துகொள்.
பூபாலன் மனைவி மோகி பார்த்துவிட்டு
இது எந்தச் சாமி என்றாள்.
குங்குமம் வைக்காத குறை.

இனி சேலை.
ஏழு. ஒரே ரோஜா நிறம், கிரே தெருக் கடையில்.
குழல்விளக்கில் பார்த்து வாங்காதே,
வாசல் வெயிலுக்குக் கொண்டுபோ;
ஐந்தாவது கொஞ்சம் வெளுத்திருந்தது, மாற்றித் தந்தார்கள்.

ஜார்ஜெட்டை மெஷின் விழுங்கும்.
ஒன்பதாம் நம்பர் புது ஊசி,
அடியில் டிஷ்யூ தாள்,
தொடங்கும்போது இரண்டு நூல் வாலையும்
பின்னால் இழுத்துப் பிடி.

தைத்த சூட்டோடு இஸ்திரி போடு.
நாளைக்கு மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது
எனக்கு நானே சொன்ன பொய்களில் சின்னது.
முதலில் மடிந்தபடியே ஒருமுறை,
நூல் துணிக்குள் இறங்கட்டும்.
பிறகு விரித்து, நடுவில் மல்மல் போட்டு,
தேய்க்காதே,
வை, எடு. வை, எடு.
சூடு ஆறும்வரை மேலே ஒரு மரக்கட்டை.
என்னுடையது
தம்பி உடைத்த கிரிக்கெட் மட்டை.

துச்சாதனன் விரலுக்குத் தெரியக் கூடாது
எந்த இடத்தில் ஒரு சேலை முடிந்ததென்று.
கண்ணன் கொடுத்ததற்கு அளவில்லை.
நாம் கொடுப்பது
முப்பத்தெட்டரை மீட்டர்,
அதில் ஆறு தையல்.

மூன்று முடிந்தது.
நான்காவதை மெஷினிலிருந்து உருவும்போது
சாட்ஸ்வொர்த் முழுக்க இருட்டு.
எட்டிலிருந்து பத்தரை வரை மின்வெட்டு,
அட்டவணை போனில்தான் இருந்தது, பார்க்கவில்லை.
மெழுகுவர்த்தியில் நகத்தால் கீறி வைத்தேன்.
மறுநாள் ஐந்தாவதிலிருந்து தொடங்கினேன்.

கூத்தன்று
பிரகாசன்தான் துச்சாதனன், பஸ் ஓட்டுகிறவன்,
கல்யாண மோதிரத்தைக் கழற்றமாட்டான்.
இழுத்தான். பூபாலன் சுழன்றான்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான் மறைவில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான்காவதில் மோதிரம் மாட்டியது.
இழுத்தான், வரவில்லை.
மத்தளம் இரண்டு அடி கூடப் போட்டது.
தன் கையையே பார்த்தான் பிரகாசன்,
அது வேறு யாருடையதோ என்பது போல்.
பிறகு, விழவேண்டிய நேரத்துக்கு வெகு முன்னால்,
விழுந்தான்.

கோவிந்தா என்றது கூட்டம்.
பாக்கி மூன்று சேலை
பூபாலன் இடுப்பிலேயே இருந்தது.

உள்ளே கொக்கி வைத்தாயா என்று
பிரகாசன் இன்றுவரை கேட்கிறான்.
அடுத்த வருஷமும் அதே மாதிரி வேண்டுமென்கிறது கமிட்டி.

சேலை நீலப் பையில் இருக்கிறது.
நான்காவதை நான் இன்னும் அழுத்தவில்லை.
பெட்டி உன் கையில், மட்டையும்.

ரவிக்கையை மடித்து வைக்காதே.
வெல்வெட், சுருட்டித்தான் வைக்கவேண்டும்.