எண்பத்து மூன்றாவது சென்டிமீட்டர்

பெரும்பாக்கம் ஏரியின் வற்றாத பள்ளத்தில்
பிளாஸ்டிக் குழாயைச் சம்மட்டியால் இறக்கினோம்.
பரிசலைப் பிடித்துக்கொண்டிருந்த இருதயராஜ் கேட்டார்:
"போர் போட்டா தண்ணி வரும். இதுல என்ன வரும்?"
தேதி வரும் என்றேன்.
சிரித்தார். நானும்தான்.

தரமணியில், ஏசி ஓடாத அறையில்,
தூண்டில் நரம்பால் நெடுக அறுத்தேன்.
முதலில் வந்தது நாற்றம்.
பிறகு வெள்ளத்தின் மணல், விரல் தடிமன்.
எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மிதந்த அந்த டிசம்பருக்கு
ஏரி ஒதுக்கிய இடம் அவ்வளவுதான்.
அதன் அடியில் ஒரு ஷாம்பு பாக்கெட்,
விலை ஐம்பது பைசா, இன்னும் படிக்க முடிந்தது.

அதற்கும் கீழே வெறும் களி,
வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்,
எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைபோல.

எண்பத்து மூன்றில் மட்டும் கோடுகள் புரண்டிருந்தன.
சுருண்டு, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து,
அடிக்களி மேல்நோக்கி நாக்கு நீட்டி.
அதற்கு மேல் மறுபடியும் நேர்க்கோடு,
ஒன்றுமே நடக்காததுபோல.

பூமி உலுக்கியதா, கரை உடைந்ததா,
இல்லை, எருமைகள் இறங்கிப் படுத்தனவா?
"பென்சிலால எழுது" என்றார் பர்வீன் மேடம்.
கலங்கல் என்று எழுதினேன்.
ஏரிப் பாசனக்காரர்களுக்கு அது உபரிநீர் வழியும் இடம்.
எங்களுக்கு, காரணம் தெரியும்வரை, இது.

மே மாதம் கரிமத் தேதி வந்தது,
கூட்டல் கழித்தல் நாற்பது வருடத்தோடு.
எனக்கு முப்பத்தெட்டு.
அந்தக் கூட்டலுக்குள் நான் முழுசாக அடங்கிவிடுவேன்:
பிறந்தது, ஸ்டான்லி வார்டில் அப்பா போனது,
நான்கு வாடகை வீடு, ஒரு விவாகரத்து,
இன்னும் இரண்டு வருடம் மிச்சம்.

பத்தாம் வகுப்பில், செப்டம்பர் இரவொன்றில்,
டியூஷன் பெஞ்சு தானாக நகர்ந்தது.
தெருவே நைட்டியும் லுங்கியுமாக வெளியே நின்றது.
அந்த இரவைக் குழாயில் தேடினேன்.
இல்லை.
நாங்கள் அலறியது களிக்கு எட்டவில்லை.

கரையோரம் எடுத்த இரண்டாவது குழாயில்
படிக்க ஒன்றுமில்லை.
ஜேசிபி, கட்டட இடிபாடு, பைல் அடித்த குலுக்கல்,
ஓர் அடி ஆழத்துக்கு ஒரே குழம்பு.
ஆயிரம் வருடம் கழித்து இங்கே குழாய் இறக்குகிறவள்
எழுதக்கூடும்:
கடும் நிலநடுக்கம். வெகுகாலம் நீடித்தது.

பென்சிலால்தான் எழுதுவாள்
என்று நம்புகிறேன்.