ஒளி போன வட்டம்

தரமணியில் இரவு பதினொன்றரை.
ஏசி பதினெட்டில் நடுங்கி ஓடுகிறது.
வெளியே மே மாதம்
பறக்கும் ரயிலின் தூண்களை இன்னும் ஆறவிடவில்லை.

கண்ணாடித் தகட்டின் மேல்
இரண்டே மூலக்கூறு தடிமனில்
நான் விரித்த கொழுப்புப் படலம்.
உயிரில்லை இதில். புரதமில்லை, கருவில்லை.
தண்ணீரை விரும்பும் தலை,
தண்ணீருக்கு முகம் கொடுக்காத இரண்டு வால்,
அவ்வளவுதான்.
யாரும் சொல்லாமல் தாமாக நின்ற
இரண்டு வரிசை.

நின்ற என்பதும் தப்பு.
ஒரு நொடிக்குள் பக்கத்திலிருப்பதோடு
கோடி தடவை இடம் மாற்றிக்கொள்ளும்,
சாயங்கால 29சி-யில்
'கொஞ்சம் உள்ள போங்க' கேட்டபடியே இருப்பது மாதிரி.
மேல்வரிசையிலிருந்து கீழ்வரிசைக்கு மட்டும்
நாள்கணக்காகும்.
நனைந்த தலையோடு எண்ணெயில் முங்கி
மறுகரை ஏற வேண்டும்,
யாருக்கு மனசு வரும்.

லேசரைச் சுடுகிறேன்.
ஒளிரும் பரப்பில் ஒரு கறுப்பு வட்டம்,
சேலையில் பீடி நெருப்பு விழுந்த ஓட்டை.
பத்து நொடி. இருபது.
ஓரம் மங்குகிறது.
அறுபதாவது நொடியில்
எங்கே சுட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

நிலோபர் பின்னால் நின்றிருந்தாள்.
இன்று அவள் பார்த்த நான்கு வீடுகளில்
மூன்றில் பெயரைச் சொன்னதும்
'நேத்துதாம்மா அட்வான்ஸ் வாங்கினோம்.'
நான்காவதில் பெயர் கேட்கவில்லை,
'சமையல்ல என்னென்ன...' என்று இழுத்தார்கள்.

'ஆறிடுச்சு பாரு' என்றேன் திரையைக் காட்டி.
'ஆறல' என்றாள்.
'ஒளி போனது போனதுதான்.
அதுங்க கூட்டத்துல கலந்து அங்கங்க நிக்குது.
உனக்குத் தெரியல.'

பதில் சொல்லாமல் அடுத்த தகட்டை வைத்தேன்.
இதில் கொலஸ்ட்ராலும் உண்டு.
சூட்டில் எல்லாம் ஒரே பரப்பு.
நான்கைந்து டிகிரி இறக்கியதும்
நேரான வால்கள் நேரானவற்றைத் தேடி
கொலஸ்ட்ராலையும் கூட இழுத்துக்கொண்டு
தீவு தீவாக ஒதுங்கின.
வளைந்த வால்கள்
சுற்றிலும், மிச்சமிருந்த இடத்தில்.
கதவு தட்டியதில்லை, புரோக்கர் இல்லை,
ஒருவரும் ஒருவரைப் பெயர் கேட்கவில்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்:
'பிரிதல் தானாக நிகழ்கிறது.'

நிலோபர் பேனாவை வாங்கி
பக்கத்தில் 'இந்த வெப்பநிலையில்' என்று சேர்த்துவிட்டு
காலியான தண்ணீர் கேனை
வாசலுக்கு உருட்டிப் போனாள்.