கடைசிச் சல்லடை

பிரெஞ்சு படித்தவர்கள் கனவுக் குளம் என்கிறார்கள்.
எங்களுக்கு அது சேம்புக் குளம்.
சேம்பு இருக்கிறது.
கனவு இருக்கிறதா என்று
நான் இறங்கிப் பார்த்ததில்லை.

கரும்பு வெட்டு இல்லாத இரண்டு மாதம்
அங்கே சேறு அலசும் வேலை.
மூன்று சல்லடை, ஒன்றன்கீழ் ஒன்று.
மேல் சல்லடையில் டோடோவின் காலெலும்பு நின்றால்
எல்லோரும் ஓடிவருவார்கள், படம் எடுப்பார்கள்.
நடுவில் ஆமையோட்டுத் துண்டு.
கடைசிச் சல்லடை என்னுடையது.
மாவு சலிக்கிற கை வேண்டுமாம் அதற்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை
பிளேசான்சில் இறங்கப்போகும் விமானம்
தலைக்கு மேல் தாழ்ந்தபோது
கடுகில் பாதி, நடுவில் ஓட்டை,
நகத்தில் ஒட்டிக்கொண்டது.
உதறப்போனேன்.
"அசையாதீர்கள், மதாம் சூப்ரயேன்!"
டச்சுப் பெண் கத்தினாள்.

குருட்டுப் பாம்பின் முள்ளெலும்பாம்.
இந்தத் தீவில் மட்டும் இருந்த பாம்பு.
உயிரோடு பார்த்தேன் என்று
ஒருவரும் எழுதிவைக்கவில்லை.
என்ன நிறம்?
தெரியாது.
என்ன தின்றது?
எறும்பு முட்டையாக இருக்கலாம்.
எப்போது போனது?
எலிகள் வந்த பிறகு இருக்கலாம்.
தலை முதல் வால் வரை
இருக்கலாம், இருக்கலாம் என்றே
ஒரு பாம்பு.

பஞ்சு வைத்த டப்பியில் போட்டு
எண் எழுதினாள்.

சனிக்கிழமை வீட்டில்
ஆந்தூரியத்தைத் தொட்டி மாற்றினேன்.
வேருக்குள்ளிருந்து நெளிந்தது ஒன்று,
நனைந்த ஷூ லேஸ் துண்டு போல.
எந்தப் பக்கம் தலை என்று
அதற்கே சந்தேகம்.

இது கப்பலில் வந்த வகை.
யாரோ ஏற்றிய செடியின் மண்ணோடு.
எல்லாம் பெண். ஆண் கிடையவே கிடையாது.
ஒரு தீவுக்கு ஒன்று போதும் என்றிருந்தாள் டச்சுக்காரி.
வீட்டுக்காரரிடம் சொன்னேன்.
டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"காதுக்குள் போய்விடும், மிதி"
வேலிக்கு அப்பாலிருந்து மரி-லூர்த்.

மிதிக்கவில்லை. உள்ளங்கையில் விட்டேன்.
விரலிடுக்கு ஒவ்வொன்றையும்
மண்ணா மண்ணா என்று முட்டிக் கேட்டது.
கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு மைப்புள்ளி.
பகல் வந்ததை மட்டும் சொல்லுமாம்,
பகலில் என்ன இருக்கிறதென்று சொல்லாதாம்.

வேலைப் பழக்கம். அதன் முதுகை
எண்ணத் தொடங்கினேன், கடுகு கடுகாக.
முடியவில்லை.
எலும்பெல்லாம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

தொட்டியிலேயே விட்டு
ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன்.
மண் ஒருமுறை அசைந்தது.
பிறகு செடிதான்.