வெளிவரும் நேரம்

உள்ளே போவதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள்.
என் வேலை
திரும்பி வரும் வழியில் தொடங்குகிறது.
குடல்வாலின் சிறு வாய்
திரையில் பிறையாகத் தெரிந்ததும்
"தொட்டாச்சு" என்பார் டாக்டர் ஸ்ட்ரூவன்.
நான் கடிகாரத்தை அமுக்குவேன்.

மகளின் நெட்பால் அணிக்கு வாங்கியது,
ஆரஞ்சுக் கயிறு, உடைந்த மூலை.
ஜூன் மாத இன்வர்கார்கில்.
தென்கடல் காற்று ஜன்னலில்
ஆலங்கட்டியை அள்ளி அள்ளி எறியும்.
உள்ளே விளக்கணைத்த அறை,
இடப்பக்கம் ஒருக்களித்த ஓர் உடல்,
திரையில் ஈரமான இளஞ்சிவப்பு வளையங்கள்
ஒன்றன்பின் ஒன்றாய்ப் பின்வாங்கும்.

நான்கு நிமிடம் பத்து வினாடி.
நான்கு நிமிடம்.
மூன்று ஐம்பது. அன்று அவர் மகனுக்கு ரக்பி ஆட்டம்.

தேர்ந்த கைதான். வலிக்காது.
பட்டியலில் இருக்கும் ஏழு பேரும்
பகலுணவுக்குள் முடிந்துவிடுவார்கள்.
பக்கத்து அறை டாக்டர் மெரியானாவோ
தொலைந்த தோட்டுத் திருகாணியைத் தேடுகிறவள் போல
மடிப்பு மடிப்பாக நீக்கிப் பார்ப்பாள்.
அவள் தேநீர் ஆறிப்போகும். அவள் செவிலியர் முணுமுணுப்பார்கள்.

ஆகஸ்ட் கடைசியில்
இரண்டு நோட்டுகளையும் அருகருகே விரித்தேன்.
நூறு பேரில் பதினான்கு பேரிடம் இவர் மொட்டு கண்டிருந்தார்.
நூறு பேரில் முப்பத்தாறு பேரிடம் அவள்.
ஒரே ஊர், ஒரே ஆட்டிறைச்சி, ஒரே குளிர்.
அப்படியானால் அந்த இருபத்திரண்டு பேர் எங்கே?
'எல்லாம் சுத்தம், பத்து வருடம் கழித்து வாருங்கள்' என்ற
கடிதத்தோடு வீட்டில் இருக்கிறார்கள்.

நான் சண்டை போடுகிற ஆளில்லை.
அடுத்த திங்களன்று
எண்களை வாய்விட்டுச் சொன்னேன், அவ்வளவே.
"இரண்டு நிமிடம்."
"மூன்று."
"என்ன இது, பந்தயமா?" என்றார்.

பதில் படுக்கையிலிருந்து வந்தது.
அரை மயக்கம், தடித்த நாக்கு. லாக்லன்,
கம்பளி கத்தரித்தே முதுகு வளைந்தவர்.
"ஒரு நாளைக்கு முன்னூறு ஆடு, டாக்டர்.
வேகமாப் போனா
மடிப்புல கம்பளி நின்னுடும்.
எண்ணுறவன் பார்க்க மாட்டான்.
ஈ பார்க்கும்.
அங்கதான் முட்டை வைக்கும்."

யாரும் சிரிக்கவில்லை.
ஸ்ட்ரூவனின் கை நின்றது.
பிறகு குழாய் ஒரு சாண், இரண்டு சாண்
மறுபடி உள்ளே போனது.

வலப்பக்க வளைவு. ஒரு மடிப்பின் முதுகு.
மஞ்சள் சளி, வெள்ளரி விதை அளவு.
சற்றுமுன் கடந்து வந்த இடம்தான்.
தண்ணீர் பீய்ச்சினோம், போகவில்லை.
மறுபடி பீய்ச்சினோம்.
அடியில் தட்டையாக, நிறம் மாறாமல்,
புல்வெளியில் மேக நிழல் போல,
தன்னை மொட்டென்றே காட்டிக்கொள்ளாத ஒன்று.
பதினொரு மில்லிமீட்டர்.

கண்ணியை நான் இறுக்கினேன்.
லாக்லன் எந்தக் கொட்டகையிலோ
எந்த ஆட்டையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

பதினைந்து நிமிடம்.
வெட்டிய நேரத்தைக் கழித்தால் ஒன்பது.
பட்டியல் சரிந்தது. மூன்று மணிக்கு
குளிர்ந்த பை தின்றோம், நின்றபடியே.

மாலையில் நோட்டைக் கேட்டு வாங்கினார்.
பழைய பக்கங்களைப் புரட்டி
மூன்று ஐம்பது என்ற வரியில்
விரல் வைத்து நின்றார்.
"இது யார்?" என்றார்.

நான் நேரத்தை மட்டும்தான் எழுதியிருந்தேன்.