மூன்றாவது படகு

(அசுன்சியோன் துறைமுகம், ஆகஸ்ட் 1935)

அன்று மூன்று நீராவிப் படகுகள்.
மூன்றுக்கும் ஒரே உரை.
தலைவர் ஸ்பானிய மொழியில் ஒரு வாக்கியம் பேசி நிறுத்துவார்,
நான் அதைக் குவாரனியில் சொல்ல வேண்டும்.
சுங்கச் சாவடியில் மூட்டை எண்ணும் குமாஸ்தா நான்.
இரண்டு மொழியும் தெரியும், குரல் பெரிது,
அவ்வளவுதான் தகுதி.

முதல் படகு காலை எட்டரைக்கு.
"உங்கள் பூட்ஸ் ஓசையில் கண்டமே விழித்தது" என்றார்.
பார்த்தேன். வெறுங்கால்கள்.
சாக்கோவின் சாம்பல் புழுதி முழங்கால்வரை ஏறி
தோலாகவே ஆகிவிட்ட கால்கள்.
"உங்கள் காலடி ஓசையில்" என்று மாற்றிக்கொண்டேன்.
அவர் கவனிக்கவில்லை. பேண்டு வாத்தியம் முழங்கியது.
சிப்பா ரொட்டி விற்கும் பெண்கள்
கூடைகளோடு முண்டியடித்தார்கள்.

இரண்டாவது படகு வருவதற்குள் உரை எனக்கு மனப்பாடம்.
எங்கே கை உயரும்,
எங்கே "தாய்மார்கள்" வரும்,
அங்கே குரல் எவ்வளவு தழுதழுக்கும் என்பதுவரை.
பொய் என்று சொல்லமாட்டேன்.
இரண்டாம் முறையும் கண் கலங்கத்தான் செய்தது.
அவர் தங்கை மகனும் அந்த முட்காட்டில்தான் கிடக்கிறான்.
அது உரையில் இல்லை. கார் ஓட்டுநர் சொன்னான்.

மூன்றாவது, தாமதம்.
லப்பாச்சோ மரங்கள் ஓர் இலைகூட இல்லாமல்
இளஞ்சிவப்பாய்ப் பூத்து நின்றன,
யாருக்கும் நிழல் தராமல்.
இறங்கியவர்கள் நானூறு பேர்.
எண்ணிப் பழகிய கண். ஏறியபோதும் நான்தான் எண்ணினேன்.
அந்த எண்ணை இங்கே சொல்லப்போவதில்லை.

"தாய்மார்கள்" வருவதற்குச் சற்று முன்
தலைவருக்குத் தொண்டை கமறியது.
மேசைமேல் கண்ணாடிக் கூஜா.
உதவியாளன் ஊற்றியபோது
கொஞ்சம் விளிம்பு தாண்டி மேடைப்பலகையில் சிந்தியது.

நானூறு தலைகள் திரும்பின,
பலகை இடுக்கில் வழிந்து
கீழே சொட்டுவதைப் பார்க்க.
அவர் குடித்தார்.
அவர் தொண்டைக்குழி ஏறி இறங்க
அவர்களுடையதும் ஏறி இறங்கியது.
முன்வரிசையில் ஒருவன் மட்டும்
கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

குவாரனியில் தண்ணீருக்கு ஒரே ஓர் ஒலி.
உதடு குவியாமல் தொண்டையடியிலிருந்து வரும்
குறுகிய உகரம்.
அங்கே கிணறு தேடிச் செத்தவர்கள்
கடைசியாய்ச் சொன்னது அதுவா, வெறும் மூச்சா என்று
பக்கத்தில் கிடந்தவனுக்கும் தெரிந்திருக்காது.

"வரலாறு உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது" என்றார்.
நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன்:
"சுங்கச் சாவடிக்குப் பின்னால் குழாய் இருக்கிறது.
இடது பக்கம். பூட்டு இல்லை."

ஒரு கணம், ஆணை கேட்டதுபோல் விறைத்து நின்றார்கள்.
பிறகு அணி உடைந்தது.
ஒற்றைக்காலன் இன்னொருவன் முதுகில்,
ஊன்றுகோல்கள், துணி மூட்டைகள், தகரக் குவளைகள்.
உணர்ச்சிப் பெருக்கு என்று
மறுநாள் பத்திரிகையில் வந்தது.

"என்ன சொன்னாய்?"
"நீங்கள் சொன்னதைத்தான், ஐயா."
மீதி இரண்டு பக்கத்தை மடித்துப்
பையில் வைத்துக்கொண்டார். திட்டவில்லை.

கண்ணை மூடியவன் அங்கேயே நின்றான்.
தண்ணீர் லாரி ஓட்டியவனாம், பெயர் சின்டுல்ஃபோ.
நீ போகலையா என்றேன்.
"அவங்க குடிக்கட்டும். மிச்சமிருந்தா பார்ப்போம்."
தீராது, ஆற்றிலிருந்து வருகிறது என்றேன்.
தலையாட்டினான்.
நகரவில்லை.