தொண்டை

சத்தியவேட்டில் வாடகை அறை, கீழே உரக்கடை.
இரவு பதினொன்றுக்கு மேல்தான் கரண்ட் நிலைக்கும்.
அப்போதுதான் நான் மணல் கொட்டுவேன்.

பத்தாயிரம் மணிகள், கணினிக்குள் உருண்டைகள்.
ஒரே அளவில் இல்லை, ஆறு அப்படிச் சலித்துத் தராது.
விழும், மோதும், ஒன்றின் தோளில் ஒன்று சரிந்து
இடம் பிடிக்கும், திருப்பதி பஸ்ஸில் போல.
பிறகு மேலே பாரம். ஐநூறு மீட்டர், ஆயிரம்.
பதிமூன்று கோடி ஆண்டை
ஒரு பிளாஸ்க் காபிக்குள் முடிக்க வேண்டும்.

அமுக்குவது எளிது. ஒட்டவைப்பதுதான் பாடு.
மணியும் மணியும் தொடுகிற இடம் பார்த்து
களிமண்ணும் இரும்பும் வந்து படியும்,
இத்தனை மைக்ரான், இன்னும் இத்தனை.
இரண்டு துளைகளுக்கு நடுவே இருக்கும் ஒடுக்கத்துக்கு
எங்கள் பாடத்தில் தொண்டை என்று பெயர்.

போன வாரம் பின்பக்கம்
திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி வந்து நின்றது.
வீட்டுக்காரர் முனிரத்தினம் என்னைக் கூப்பிட்டு
கையில் ஒரு சில்லைத் திணித்தார். துருவின் நிறம்.
"இதுல ஓட்டை இருக்குமாம்மா?"
இருக்கு, என்றேன். நூற்றுக்கு ஒன்பது பங்கு வெறும் ஓட்டை.
அந்த ஒன்பதை அவர் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டது
எனக்குத் தெரிந்தது.
திருத்தவில்லை.

அறுநூற்று நாற்பது அடி. புழுதி.
உரக்கடைத் தகரம், துணிக்கொடி, என் ஜன்னல் கம்பி,
எல்லாவற்றின் மேலும் செம்பொடி.
மட்கார்டில் நோட்டை வைத்து
அடிக்கு இவ்வளவு என்று கணக்கெழுதினார் பெரியண்ணன்.
நனையாத இரும்புக் குழாய்களை
பையன்கள் மறுபடி அடுக்கினார்கள்.

அன்றிரவு என் கல்லும் ஆகியிருந்தது.
துளைகளுக்கு நீலம் பூசித் திருப்பிப் பார்த்தேன்.
ஒன்பது புள்ளி இரண்டு. சொன்ன கணக்கு சரி.
இடப்பக்கம் விட்ட நீர் வலப்பக்கம் வரவில்லை.
தொண்டைகள் அடைத்திருந்தன.
ஒவ்வொரு துளையும்
தன் நீலத்தைத் தானே வைத்துக்கொண்டு
பக்கத்துத் துளையை அறியாமல்.

காலையில் படியிறங்கும்போது மடக்கினார்.
அவசரத்தில் அவருக்குத் தெலுங்குதான் வரும்.
"நீள்ளு?"
தண்ணீரைத்தான் கேட்கிறார். என் காதில் முதலில்
இன்னும் நீளட்டும் என்று விழுந்தது,
இன்னொரு நூறு அடி, இன்னொரு கடன்.
எச்சில் விழுங்கினேன்.

இல்லை என்ற சொல் மேலேறி வருவதற்குள்
மாடியில் என் கணினியின் விசிறி
சுற்றத் தொடங்கிவிட்டது.
கரண்ட் வந்திருக்கிறது, பட்டப்பகலில்.
இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.