பன்னிரண்டு யூனிட்

தியேட்டர்களை எப்போது மூடினார்கள் என்று
என்னைக் கேட்கும்படி யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
சரியான ஆளைத்தான் காட்டியிருக்கிறார்கள்.
மொன்டெவிடியோவில், செர்ரோவிலும் லா தேஹாவிலும்
முப்பத்தோரு வருடம் மீட்டர் பார்த்தவன்.
திரைக்கு முன்னால் உட்கார்ந்ததைவிட
பின்சந்தில் குனிந்து நின்றதுதான் அதிகம்.

முடிவெட்டும் ஓதிலோனைக் கேட்டால்
மூத்தவன் பிறந்த வருடம் என்பார்.
அவருக்கு எல்லாமே
மூத்தவன் பிறந்த வருடம்தான் நடந்தது.
ரொட்டிக்கடை நெல்பா
மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை என்பாள்.
எந்த வருடத்துச் செவ்வாய் என்றால்
கல்லாவைப் படாரென்று சாத்துவாள்.

பழைய பேப்பரில் தேடினேன் என்கிறீர்கள்.
ஒரு வியாழன் விளம்பரம் இருக்கிறது,
அடுத்த வியாழன் அதே கட்டத்தில் மெத்தை விற்கிறார்கள்.
மூடுகிறோம் என்று சொல்ல
எவன் காசு கொடுத்து விளம்பரம் போடுவான்?

தியேட்டர் சாவது கரண்டில் தெரியும்.
பெலிகானோ: மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம்.
மதியக் காட்சியை நிறுத்தியதும் ஆயிரத்து நூறு.
சனி ஞாயிறு மட்டும் என்றானதும் நானூறு.
ஒரு குளிர்காலம் முழுக்க முப்பது, முப்பத்திரண்டு.
பிறகு பூஜ்யம்.
இப்போது அங்கே டயர் அடுக்கியிருக்கிறார்கள்.
பால்மாஸ் ஜெபக்கூடமானது.
அங்கே யூனிட் குறையவேயில்லை,
ஏறியது. மைக் செட் அப்படி.

நீங்கள் கேட்பது அல்போராதா.
எழுதிக்கொள்ளுங்கள். எழுபத்து மூன்று, ஏப்ரல்.
நோட்டில் அப்படித்தான் இருக்கிறது:
பச்சை மசி, என் கையெழுத்து,
அதற்குப் பிறகு கீழ்வரை பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்.

பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

ஜூனில் பட்டாளம் வந்தது.
ஜூலையில் பின்சந்துப் பெட்டியைத் திறந்தேன்.
சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது,
சுற்றுகிறதா என்று சந்தேகப்படும்படி.
பன்னிரண்டு யூனிட்.
நின்றபடியே கணக்குப் போட்டேன்:
நாற்பது வாட் பல்பு ஒன்று,
ராத்திரிக்குப் பத்து மணி நேரம்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல்,
பாதியில் விழுங்கப்பட்ட இருமல்.

பூஜ்யம் என்று எழுதினேன்.
ஆகஸ்டிலும் பன்னிரண்டு. பூஜ்யம் என்று எழுதினேன்.
ஆபீசுக்கு இரண்டு பேர் வந்தார்கள், சாம்பல் நிறக் கோட்டு.
பூட்டிய கட்டடங்களின் கணக்கைக் கேட்டார்கள்.
என் நோட்டைத்தான் எடுத்துக் கொடுத்தார் மேலாளர்.
விரலை எச்சில் தொட்டுப் புரட்டினான் ஒருவன்.
என் பூஜ்யங்கள் நல்ல வட்டமாக இருந்தன.

பதினாறு மாதம். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு யூனிட்.
கரண்ட் காற்றில் போய்விடாது, யார் தலையிலாவது ஏறவேண்டும்.
இறைச்சித் தொழிற்சாலையின் பில்லில் ஏற்றினேன்.
அவர்களுக்கு அது
நாலு மாட்டை உறையவைக்கும் செலவு.

யார் என்று எனக்குத் தெரியாது.
டிக்கெட் கிழிக்கும் இருண்டினா தனிக்கட்டை,
தினமும் இரண்டு ரொட்டி வாங்கினாள்,
அதுதான் தெரியும்.
அதுவும் எனக்கெப்படித் தெரியும்?
நெல்பா ஒருநாள், நான் கேட்காமலே,
மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:
இன்றைக்கு அவள் ஒன்றுதான் வாங்கினாள்.

அடுத்த முறை போனபோது
சக்கரத்தின் சிவப்புக் கோடு
கண்ணாடிக்கு நேரே வந்து நின்றிருந்தது.
தப்பிப் போனானா, பிடித்துப் போனார்களா,
ஆணா பெண்ணா,
தெருவில் வண்டி எதுவும் வந்ததை யாரும் பார்க்கவில்லை.
பார்க்காமலிருப்பது அப்போது எங்களுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

அது எழுபத்து நாலு, அக்டோபர்.
இதை எழுதுவீர்களோ, ஏப்ரலை எழுதுவீர்களோ.
படம் ஓடியது ஏப்ரல்வரைதான், அதில் பொய்யில்லை.

திரும்பும் வழியில் நெல்பா கடையில் நில்லுங்கள்.
ரொட்டி வாங்குங்கள், இரண்டாக.
வருடத்தை மட்டும் கேட்காதீர்கள்.